சால்வையும் சம்பளச் சீட்டும்

(பொங்கல் முடிந்த கையோடு, நகராட்சி, ஊராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நன்றி தெரிவித்துத் திண்டிவனத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



தைப் பொங்கல் முடிந்தது. மாட்டுப் பொங்கல் முடிந்தது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவும் முடிந்தது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் பிடாகத்திலே தென்பெண்ணைக் கரை முழுதும் ஜனம். சுற்றுக் கிராமங்களிலிருந்து சாமிகளைக் கொண்டுவந்து தீர்த்தவாரி நடத்தினார்கள். சிறுவள்ளிக் கிழங்கு வாங்கினோம். கரும்பு வாங்கினோம். பிள்ளைகளுக்குப் பலூன் வாங்கிக் கொடுத்தோம். பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பினோம்.

நாம் திரும்பின பிறகு அந்த மணலில் என்ன கிடந்தது? கரும்புச் சக்கை கிடந்தது. சாப்பிட்ட இலையும் பிளாஸ்டிக் தட்டும் உடைந்த பொம்மையும் கிடந்தன. மறுநாள் விடிகிற நேரத்தில் அதையெல்லாம் கூடையில் அள்ளியவர்கள் யார்? போகியன்று பழைய பாயையும் கிழிந்த தலையணையையும் தெருவில் போட்டுக் கொளுத்துகிறோமே, அந்தச் சாம்பலையும் அரைகுறையாய் எரிந்த துணியையும் வாரியவர்கள் யார்? இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள்தான். நம் வீட்டுப் பானை பொங்குகிற நேரத்தில் இவர்கள் நம் தெருவில் நின்றார்கள். தங்கள் வீட்டுப் பானையை அடுப்பில் ஏற்றும்போது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

இவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கூட்டம். தெருவாசிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறீர்கள். கடைக்காரர்கள் பச்சரிசியும் வெல்லமும் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சால்வை, ஒரு புடவை. நல்ல காரியம். மனமார வரவேற்கிறேன். நான் சிறுவனாக இருந்த காலத்தில், இதே வேலை செய்த தாய்மார்கள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், கையைக் குவிக்கச் சொல்லி எட்ட நின்று மேலேயிருந்து ஊற்றுவார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருக்காரர்களின் பிள்ளைகள் இன்று மேடை போட்டு இவர்களை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இந்தக் கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் ஒரு தாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

விடியற்காலை ஐந்தரை மணி. துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மஸ்டர் போடுகிற இடத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கு அந்த மஸ்டரில் அந்தத் தாயின் பெயர் இருக்காது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துடைப்பத்துக்குக் கம்பு செருகிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, போன வருஷமும் எனக்குச் சால்வை போட்டாங்க. மடிச்சிப் பெட்டியில வச்சிருக்கன். உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் யாரு ஆளு? ஆபீசுல போயி கேட்டா, நீ காண்டிராக்டர் ஆளுன்றாங்க. காண்டிராக்டர கேட்டா, இது முனிசிபாலிட்டி வேலை, அங்க போயி கேளுன்றாரு. பன்னண்டு வருஷமா இந்த ஊரத்தான் பெருக்குறன். நான் யாரு ஆளுன்னு யாராவது சொன்னா தேவல.”

தோழர்களே, எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. இத்தனை வருஷம் சங்க வேலை செய்தவன் நான். எத்தனையோ மகஜர் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாய் ஒரே வார்த்தையில் எல்லாப் பிரச்னையையும் கட்டி என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் யார் ஆள்? இந்தக் கேள்விக்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஒரே தெரு, மூன்று பொங்கல்

ஒரு தெருவில் மூன்று பேர் பெருக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே குப்பை, ஒரே சாக்கடை, ஒரே வெயில். முதல் ஆள் நிரந்தரத் தொழிலாளி. இரண்டாவது ஆள் தொகுப்பூதியம் வாங்குகிறவர். மூன்றாவது ஆள் காண்டிராக்டர் மூலம் வந்தவர்.

2025 பொங்கலுக்குத் தமிழ்நாடு சர்க்கார் என்ன அறிவித்தது? சி, டி பிரிவு ஊழியர்களுக்கு 3,000 ரூபாய் வரம்பில் போனஸ். உள்ளாட்சி ஊழியர்களும் இதில் அடக்கம். தொகுப்பூதியத்திலும் சிறப்புக் காலமுறை ஊதியத்திலும் இருப்பவர்களுக்கு 1,000 ரூபாய். மூன்றாவது ஆளுக்கு? அந்த உத்தரவில் அவருக்கு இடமில்லை. அவர் சர்க்காரின் கணக்கிலே ஆளே அல்ல. காண்டிராக்டர் கொடுக்கிற பில்லிலே ஒரு எண்ணிக்கை. இத்தனை நபர், இத்தனை நாள் என்று ஒரு வரி. அந்த வரிக்குள்ளே அந்தத் தாயின் பன்னிரண்டு வருஷமும் அடங்கிப் போயிற்று.

சரி, காண்டிராக்டர் தனியார் முதலாளிதானே, தனியார் முதலாளி போனஸ் கொடுக்க வேண்டாமா என்று ஆலைத் தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டத்தில் 32ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஸ்தல ஸ்தாபனங்களின் ஊழியர்களை அது சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. காண்டிராக்டர் அந்த மரத்தின் பின்னாலே போய் ஒளிந்துகொள்கிறார். “நான் செய்வது முனிசிபாலிடி வேலை, எனக்குப் போனஸ் சட்டம் பொருந்தாது” என்கிறார். முனிசிபாலிடியிடம் போனால் “நீ எங்கள் ஊழியர் இல்லை” என்கிறது. போனஸ் கேட்கப் போனால் காண்டிராக்டருக்கு இவர் முனிசிபாலிடி ஆள். நிரந்தரம் கேட்கப் போனால் முனிசிபாலிடிக்கு இவர் காண்டிராக்டர் ஆள். வேலை வாங்குகிற நேரத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஆள்!

ஆலைத் தோழர்களே, உங்கள் கதை என்ன?

முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகளில் வேலை செய்தவர்கள், பஞ்சாலையில் வேலை செய்தவர்கள், இங்கே இருக்கிறீர்கள். போனஸ் என்ற வார்த்தை உங்களுக்குப் பழகிப் போன வார்த்தை. அது எப்படி வந்தது?

முதல் உலக யுத்த காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலை முதலாளிகள் கொள்ளை லாபம் சம்பாதித்தார்கள். விலைவாசி ஏறிற்று. 1917இல் யுத்த போனஸ் என்று கொஞ்சம் கொடுத்தார்கள். சில வருஷம் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். “நாங்களாகப் பார்த்துக் கொடுத்த வெகுமதி, இஷ்டம் இருந்தால் கொடுப்போம்” என்றார்கள். தொழிலாளர்கள் 1924இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் நியமித்த கமிட்டி, தொழிலாளிக்குச் சட்டப்படி இதில் உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. அந்த வேலைநிறுத்தம் தோற்றது.

தோற்றுப்போன அந்தக் கோரிக்கை செத்துப் போகவில்லை. போனஸ் என்பது கருணை அல்ல, கொடுபடாமல் நின்ற கூலி என்ற வாதத்தைத் தொழிலாளர்கள் விடவில்லை. 1965இல் அது சட்டமாயிற்று. தோல்விக்கும் சட்டத்துக்கும் இடையில் 41 வருஷம். இன்று லாபம் இருந்தாலும் நஷ்டம் இருந்தாலும் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது வருஷத்தில் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம். 12 மாதம் உழைத்தவனுக்கு 13ஆவது மாதக் கூலி. 2024 தீபாவளிக்குத் தமிழ்நாட்டுப் பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு 20 சதவீதம் என்று அறிவித்தார்கள். மாதம் 7,000 ரூபாய் என்று கணக்கிட்டு வருஷத்துக்கு 84,000. அதில் 20 சதவீதம் 16,800 ரூபாய். பஸ் ஓட்டுகிற தோழரிடம் கேளுங்கள், காசு பைசா வரை சொல்வார்.

பஸ் ஓட்டுகிற தோழருக்கு இந்தக் கணக்குத் தெரிகிறது. ஏன்? அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அவர் யார் ஆள் என்பதில் சந்தேகம் இல்லை. அவருக்குப் போனஸ் வந்தது அவருடைய பஸ்ஸுக்கு யாரோ மாலை போட்டதால் அல்ல.

பக்கத்தில் இருக்கிற புதுச்சேரியையே பாருங்கள். இங்கேயிருந்து ஒரு மணி நேர பஸ் பிரயாணம். அங்கே 1936 ஜூலை 30ஆம் தேதி பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி சுட்டது. 12 பேர் மாண்டார்கள். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. செத்தவர்களுக்கு நாம் மாலை போடுகிறோம். ஆனால் அவர்கள் நமக்கு விட்டுப் போனது மாலை இல்லை. எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற எழுத்து.

புயல் அடித்தபோது

இவர்கள் செய்த வேலையை நம் ஜில்லாவே பார்த்திருக்கிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. நம்முடைய மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தை முட்டிக்கொண்டு வெள்ளம் போனதால் டிசம்பர் 2ஆம் தேதி ரயில்களை நிறுத்தினார்கள். விழுப்புரம் புதிய பஸ் நிலையம் ஏரிபோல நின்றது. திண்டிவனத்தில் தாழ்ந்த தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர்.

தண்ணீர் வடிந்த பிறகு மிஞ்சியது சேறு. அந்தச் சேற்றிலே செத்த ஆடு, செத்த கோழி, ஊறிப்போன மெத்தை, நாறிப்போன அரிசி, சாக்கடைக் கழிவு எல்லாம் கலந்து கிடந்தது. உள்ளூர்த் தொழிலாளர்கள் இறங்கினார்கள். வெளி ஜில்லாக்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். சேற்றை வெட்டி அன்னக்கூடையில் அள்ளி லாரியில் ஏற்றினார்கள். அவர்களில் பலருடைய குடிசைகளிலும் வெள்ளம் புகுந்திருந்தது. தங்கள் வீட்டுச் சேற்றை இரவில் வாரிக் கொட்டிவிட்டு, பகலில் நம் வீட்டுச் சேற்றை வாரினார்கள். அந்த வெள்ளத்துக்குப் பின் நம் ஊர்களில் காலரா பரவாமல் இருந்தது என்றால், டாக்டருக்கும் நர்ஸுக்கும் நன்றி சொல்வதற்கு முன்னால் இந்த மண்வெட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்போது யாரும் இவர்களைப் பார்த்து “நீ யார் ஆள்?” என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் அவர்கள் வேண்டியவர்களாக இருந்தார்கள்.

பெயரை மாற்றினார்கள்

பாராட்டுக்குக் குறைவே இல்லை, தோழர்களே. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் நாட்டின் பிரதமரே 5 துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். 2020இல் கொரோனாக் காலத்தில் கை தட்டினோம், பல ஊர்களில் பாத பூஜை செய்தார்கள், பூத் தூவினார்கள். அதே 2020இல் தமிழ்நாட்டில் இவர்களுடைய பெயரே மாறியது. துப்புரவுப் பணியாளர் என்பது தூய்மைப் பணியாளர் என்று ஆயிற்று. 2022இல் நவம்பர் 1ஆம் தேதியை உள்ளாட்சி தினம் என்று ஆக்கி, அன்று கூடும் கிராம சபையில் நன்றாக வேலை செய்தவர்களைக் கௌரவிக்கச் சொன்னார்கள்.

இவை எதையும் நான் கேலி செய்யவில்லை. மரியாதையான பெயர் வேண்டும். நான் இந்த மேடையில் பழக்கத்தில் பழைய பெயரைச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் அதே 2022ஆம் ஆண்டு அக்டோபரில் வேறு இரண்டு உத்தரவுகளும் வந்தன. மாநகராட்சிகளுக்கு அரசாணை 152. நகராட்சிகளுக்கு அரசாணை 139. நிரந்தரப் பதவிகளைச் சுருக்கிப் பல வேலைகளை வெளியாட்களைக் கொண்டு செய்துகொள்ள அவை வழி திறந்தன. தொழிற்சங்கங்கள் அவற்றை ரத்து செய்யக் கோரின. அக்டோபரில் வெளியாள் உத்தரவு. நவம்பரில் பாராட்டு விழா. வலது கை மாலை போடும்போது இடது கை மஸ்டரைக் கிழித்தால், மாலைக்கு என்ன மதிப்பு?

சென்னையில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். சுமார் 23,000 ரூபாய் வாங்கி வந்த தங்களுக்குக் காண்டிராக்டரிடம் போனால் 16,950 ரூபாய்தான் என்று முறையிட்டார்கள். 13ஆம் தேதி நடுராத்திரியில் போலீஸ் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது. மறுநாள் 14ஆம் தேதி, சர்க்கார் அவர்களுக்கு நலத் திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, தொழில் நோய்க்குச் சிகிச்சை, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, வீடு. அதற்கு மறுநாள் சுதந்திர தினம்.

காலை உணவு நல்லது. வெறும் வயிற்றோடு குப்பை அள்ளுகிறவர்களுக்குச் சூடாக இட்லி கிடைத்தால் அதை வேண்டாம் என்று சொல்கிறவன் மனிதனே அல்ல. வீடும் படிப்பும் வேண்டியவைதான். ஆனால் அந்தப் பெண்கள் 13 நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து கேட்டது என்ன? “நாங்கள் யார் ஆள்?” என்ற அதே கேள்வியைத்தான்.

காண்டிராக்டர் மாறினால் என்ன ஆகிறது?

அந்தத் தாய் பன்னிரண்டு வருஷத்தில் நாலு காண்டிராக்டரைப் பார்த்துவிட்டார். தெரு மாறவில்லை. துடைப்பம் மாறவில்லை. மேஸ்திரிகூட மாறவில்லை. காகிதத்தில் மட்டும் முதலாளி மாறுகிறார். அதனால் என்ன நஷ்டம்? கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. ஆலையில் உள்ள தோழர்கள் இதை வைத்து எத்தனையோ வழக்கில் ஜெயித்திருக்கிறார்கள். இங்கே காண்டிராக்டர் மாறியதும் “நீ புது ஆள்” என்று கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள். பணிக்கொடைக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வருஷத் தொடர்ச்சி கேட்டது. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை முதலாளி மாறினால் ஐந்து வருஷம் எங்கே நிறையும்? பி.எப். பணம் பிடிக்கிறார்கள். கட்டினார்களா, எந்தக் கணக்கில் கட்டினார்கள் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. சம்பளச் சீட்டே கையில் கொடுத்ததில்லை. சீட்டு இல்லையென்றால் பிடித்ததற்கு அத்தாட்சி ஏது?

சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்கிச் சாவது பற்றிச் சொல்ல வேண்டும். 2013இல் மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1993 முதல் அப்படி மாண்டவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு 30 லட்சத்துக்கு உரிய மனிதன், உயிரோடு இருக்கும்போது ஒரு சம்பளச் சீட்டுக்கு உரியவன் இல்லையா?

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ஜாதியை ஒட்டி வைத்திருக்கிறது இந்தச் சமூகம். தாத்தா அள்ளினார், அப்பா அள்ளினார், நீயும் அள்ளு என்கிறது. அதனால்தான் கூலியைக் குறைத்தாலும் கேட்பாரில்லை என்ற துணிச்சல் வருகிறது. ஆலையில் போனஸுக்குக் கொடி பிடிக்கிற தோழன், தன் தெருவில் குப்பை எடுக்க வருகிற தாயை “ஏய்” என்று கூப்பிட்டால், அவன் பிடித்த கொடிக்கு அர்த்தமில்லை. அம்மா என்று கூப்பிடு. அக்கா என்று கூப்பிடு. சால்வை போட்ட அதே கையால், உன் வீட்டில் நீ குடிக்கிற அதே சொம்பில் தண்ணீர் கொடு. உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் தனியே பொட்டலம் கட்டிக் கொடு. அவர் கை உன் கை போன்ற கைதான்.

அமெரிக்காவில் ஒரு பண்டிகை நாள்

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் மெம்பிஸ் என்று ஒரு நகரம். அங்கே துப்புரவு வேலை செய்தவர்கள் கறுப்பின மக்கள். 1968 பிப்ரவரி 1ஆம் தேதி மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரிக்குள்ளேயே நின்ற இரண்டு தொழிலாளர்களை, பழுதான இயந்திரம் நசுக்கிக் கொன்றுவிட்டது. பிப்ரவரி 12ஆம் தேதி 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது என்ன நாள் தெரியுமா? அடிமை முறையை எதிர்த்து நின்ற ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாள். ஊரே லிங்கனைப் புகழ்கிற நாளில், நகரசபை தங்களை எப்படி நடத்துகிறது என்று அவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள்.

அவர்கள் கழுத்தில் தொங்கவிட்ட அட்டையில் எழுதியிருந்தது ஒரே வாசகம்: நான் மனிதன். அவர்களுக்குத் துணை நிற்கப் போன மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4ஆம் தேதி அந்த நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரல் 16ஆம் தேதி நகரசபை இறங்கி வந்தது. சங்கத்தை அங்கீகரித்தது. கூலியை உயர்த்தியது. நான் மனிதன் என்று சொன்னவர்கள், அதைச் சங்க அங்கீகாரமாகவும் கூலியாகவும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் துடைப்பத்தை மறுபடி எடுத்தார்கள்.

விவசாயத் தொழிலாளர்கள் என்ன செய்யலாம்?

கிராமத்திலிருந்து வந்திருக்கிற தோழர்களே, இது பட்டணத்துக் கதை என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊராட்சியில் தூய்மைக் காவலர் இருக்கிறார். உங்கள் உறவுக்காரராகக்கூட இருப்பார். மாதம் 3,600 ரூபாயாக இருந்த அவருடைய ஊதியம் 2022இல் 5,000 ரூபாய் ஆயிற்று. உயர்வு வந்தது, சரி. ஆனால் 5,000த்தை 30ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 167 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த தினக் கூலி 336 ரூபாய். அதில் பாதிகூட இல்லை. சில மணி நேர வேலைதானே என்பார்கள். காலையில் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கி, பிரித்து, உரக் குழியில் கொட்டி, கால்வாயைத் தள்ளிவிட்டு வருவதற்குள் வயலில் நடவுக்கு ஆள் கூப்பிட்ட நேரம் போய்விடுகிறது. சில மணி நேரக் கூலிக்கு அன்றைய முழுக் கூலியும் போகிறது. இது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். ஆபீசில் உத்தரவு எழுதுகிறவருக்கு எங்கே தெரியும்?

இன்னும் சில நாளில் ஜனவரி 26 வருகிறது. அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை. குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி தினம் என்று வருஷத்தில் ஆறு முறை. கிராம சபையில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் பேச உரிமை உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். இந்த முறை மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது: நம் ஊராட்சியில் தூய்மைக் காவலர், டேங்க் ஆபரேட்டர் எத்தனை பேர், யார் யார், கடைசியாக எந்த மாதம் வரை சம்பளம் போட்டாயிற்று என்று கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் வாசிக்கப்படுவதே ஒரு மரியாதை.

இரண்டாவது: மாதம் பிறந்து குறிப்பிட்ட தேதிக்குள் சம்பளம், கையுறை, காலணி, பொங்கலுக்கு முன்னால் போனஸ் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். “பிறகு பார்க்கலாம்” என்றால் விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுத்தில் ஏற வேண்டும். ஏறிய பிறகு அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது: விடுமுறை நாள் வேலை. ஆலைத் தொழிலாளிக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாலு தேசிய விடுமுறை, ஐந்து பண்டிகை விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் விடுமுறை. பொங்கலன்று நம் தெருவைப் பெருக்கியவருக்கு இதே நியாயம் ஏன் கூடாது என்று கேளுங்கள்.

துப்புரவுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு மஸ்டர், மேஸ்திரி யார், எவ்வளவு பணம் கைக்கு வந்தது என்று தினமும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். காண்டிராக்டர் கொடுக்காத சீட்டை நீங்களே எழுதி வையுங்கள். நாளைக்குத் தொழிலாளர் அலுவலர் முன்னால் நிற்கும்போது, பன்னிரண்டு வருஷம் உழைத்தேன் என்று வாயால் சொல்வதற்கும், இதோ பாருங்கள் என்று நோட்டைப் பிரித்து வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தனித்தனியாகப் போகாதீர்கள். ஒருவர் போனால் பெயரை வெட்டுவார்கள். நூறு பேர் போனால் வெட்டக் கை வராது.

இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தெருவாசிகளையும் கடைக்காரர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பொங்கலுக்கும் சால்வை போடுங்கள். ஆனால் நடுவில் இருக்கிற பன்னிரண்டு மாதத்தில் ஒரு நாள், இவர்கள் மனு கொடுக்கப் போகும்போது பத்துப் பேர் கூடவே வாருங்கள். குப்பை வரி கட்டுகிறவர் நீங்கள். “எங்கள் வரிப் பணத்தில் எங்கள் தெருவைப் பெருக்குகிற தாய்க்கு எவ்வளவு போய்ச் சேருகிறது?” என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்விக்கு ஆபீசில் வேறு மதிப்பு.

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் இங்கே வந்திருக்கிறார். எந்த வரிசையில் என்று சொல்லமாட்டேன். அவருக்கு இப்போது சொல்கிறேன்.

அம்மா, நீங்கள் இந்த ஊர் ஆள். பன்னிரண்டு வருஷம் இந்த ஊரைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள். இதை ஊர் இன்று ஒப்புக்கொண்டு சால்வை போட்டிருக்கிறது. ஊர் ஒப்புக்கொண்டதைச் சர்க்காரின் பதிவேட்டில் ஏற்றுகிற வேலை பாக்கி இருக்கிறது. அது உங்கள் ஒருத்தரின் வேலை அல்ல. இங்கே கை தட்டிய அத்தனை பேரின் வேலை.

26ஆம் தேதி கிராம சபையில் சந்திப்போம். நோட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.